தைராய்டு கொஞ்சம் மந்தம், எடை இறங்க மறுக்கிறது: எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் ரத்தப் பரிசோதனைத் தாளில், தைராய்டு மந்தமா என்று காட்டும் டி.எஸ்.எச். 6.8 என்று கூடுதலாக வந்தபோது எனக்குக் கவலை வரவில்லை, நிம்மதிதான் வந்தது. 154 சென்டிமீட்டர் உயரத்துக்கு 74 கிலோ எடை. கல்யாணப் பந்தியில் "என்னதான் சாப்பிடுகிறாய்?" என்று கேட்கும் பெரியம்மாவுக்கு இனிப் பதில் தயார்: "எனக்குத் தைராய்டு, பெரியம்மா." அவரும் உச்சுக் கொட்டிவிட்டு, பாவம் என்று என் இலையில் இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொல்வார்.

அந்த நிம்மதி எனக்கு ஓர் ஆண்டை வீணாக்கியது. மாத்திரை போட்டேன், எடை இறங்கும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை. பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். நான் கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியை, மருத்துவர் அல்ல. மருந்து வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதைச் சுற்றி நாமே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. மூன்று வேளை அரிசியும் டிகிரி காபியுமாக வாழும் காவிரிக் கரைக்காரர்களை மனத்தில் வைத்து, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: அந்த எண் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கழுத்தில் இருக்கும் தைராய்டுக்கு அனுப்பும் ஆணை அது. வயலில் நடவு மெதுவாக நடந்தால் வரப்பில் நிற்கும் காரியக்காரரின் குரல் உயரும் அல்லவா? அந்தக் குரல்தான் டி.எஸ்.எச். நடவு உண்மையில் முடிந்ததா என்பதை, தைராய்டு சுரக்கும் ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4 என்ற இன்னொரு பரிசோதனை சொல்லும்.

பெரும்பாலான பரிசோதனை நிலையங்களில் டி.எஸ்.எச். 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை இயல்பு. அதைத் தாண்டியும் ஃப்ரீ டி4 இயல்பாகவே இருந்தால் அது லேசான தைராய்டு குறைபாடு: குரல் உயர்ந்திருக்கிறது, ஆனால் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இப்படி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எண் 10-க்குக் கீழேதான் இருக்கும். ஃப்ரீ டி4 குறைந்துவிட்டால் அது லேசானது அல்ல. அதற்குச் சிகிச்சை வேண்டும்.

ஒரே ஒரு பரிசோதனையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அவசரம் இல்லாதவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதே வழக்கம். அதற்குள் தானாகவே இயல்புக்குத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் கூடுதலாகவும், மதியத்துக்கு மேல் குறைவாகவும் இருக்கும். அதனால் இரண்டு முறையும் ஒரே நிலையத்தில், காலையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ரத்தம் கொடுங்கள். முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். அது பரிசோதனைக் கருவியை ஏமாற்றிப் பொய்யான எண்ணைக் காட்டிவிடும். கடும் காய்ச்சலில் படுத்து எழுந்த வாரத்திலும் பரிசோதனை வேண்டாம்.

இரண்டாம் முறையும் கூடுதலாகவே வந்தால் ஆன்டி டி.பி.ஓ. பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குகிறதா என்பதை அது காட்டும். அப்படித் தாக்கினால், ஆண்டுக்கு நூற்றில் நான்கு பேர் என்ற அளவில் முழுக் குறைபாட்டுக்குப் போகிறார்கள். இல்லாவிட்டால் அந்த வேகம் இன்னும் குறைவு. வீட்டில் எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு டி.எஸ்.எச். சற்றுக் கூடுதலாக இருப்பது வயதின் இயல்பு. அவர்களை மாத்திரைக்கு அவசரப்படுத்த வேண்டாம்.

கருவுற்றிருந்தாலோ, கருவுற முயன்றுகொண்டிருந்தாலோ மேலே சொன்ன காத்திருப்பு உங்களுக்குப் பொருந்தாது. உடனே மருத்துவரிடம் போங்கள். எடைக் குறைப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: தைராய்டின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது

இந்தப் பகுதி கசக்கும். எனக்கும் கசந்தது.

தைராய்டு நன்றாகவே குறைந்துபோனவர்களுக்குக்கூட, அதனால் மட்டும் ஏறும் எடை பொதுவாக இரண்டு முதல் நாலரை கிலோதான். அதிலும் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, உடலில் தேங்கும் உப்பும் நீரும். லேசான குறைபாட்டில் இது இன்னும் குறைவு. நான் சுமந்த கூடுதல் எடை பதினெட்டு இருபது கிலோ. அதில் தைராய்டின் பங்கு ஒன்றிரண்டு கிலோ என்றால், மீதி எங்கிருந்து வந்தது?

எடை கூடினாலே டி.எஸ்.எச். சற்று உயரும் என்பதும் உண்டு. எடை குறைந்தால் அந்த எண்ணும் சிலருக்குத் தானாக இறங்கிவிடுகிறது. தைராய்டால் எடை ஏறியது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்க, நடந்தது தலைகீழாகவும் இருக்கலாம். சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது. எடை கூடியவர்கள் அதைவிட அதிகம். இரண்டுமே இவ்வளவு பரவலாக இருக்கும்போது ஒரே உடம்பில் இரண்டும் சேர்ந்திருப்பதில் வியப்பில்லை. ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது.

அதற்காக உங்கள் அலுப்பு பொய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலச்சிக்கல், குளிர் தாங்காமை, வறண்ட தோல், மாதவிடாயில் அதிகப் போக்கு எல்லாம் குறைபாட்டோடு வரக்கூடியவை. அலுத்த உடம்பு குறைவாக அசையும். குறைவாக அசையும் உடம்பில் எடை தங்கும். தைராய்டு எடைக்குச் செய்யும் கெடுதலில் கணிசமான பங்கு இந்தச் சுற்றுவழியில்தான் வருகிறது என்பது என் அனுபவம்.

மூன்றாம் படி: மாத்திரை வேண்டுமா, வேண்டுமென்றால் எப்படி

டி.எஸ்.எச். 10-க்கு மேல் என்றால் பொதுவாக மருத்துவர்கள் மாத்திரை தருவார்கள். அதற்குக் கீழே என்றால் வயது, அறிகுறிகள், ஆன்டி டி.பி.ஓ., கொலஸ்ட்ரால், குழந்தைப்பேறு எல்லாவற்றையும் பார்த்து முடிவு செய்வார்கள். மாத்திரை இல்லாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருப்பதும் சிகிச்சைதான். "ஒன்றும் தரவில்லையே" என்று வேறு மருத்துவரைத் தேடி ஓட வேண்டாம்.

தருவது லீவோதைராக்சின். லேசான குறைபாட்டில் பெரும்பாலும் 25 அல்லது 50 மைக்ரோகிராமில் தொடங்குவார்கள். இது எடை குறைக்கும் மருந்து அல்ல. அமெரிக்காவில் இந்த மருந்தோடு வரும் குறிப்பிலேயே, எடைக் குறைப்புக்காக இதைப் பயன்படுத்தக் கூடாது என்று கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறார்கள். சீக்கிரம் இளைக்கலாம் என்று நீங்களே அளவைக் கூட்டினால் படபடப்பு, சீரற்ற இதயத் துடிப்பு, எலும்புத் தேய்வு என்று வேறு வாசல் திறக்கும்.

இனி என் முட்டாள்தனம். எட்டு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். 6.1-க்குக் கீழே வரவில்லை. மருத்துவர் அளவைக் கூட்டப் பேனாவை எடுத்தவர், நிறுத்தி, "மாத்திரையை எதோடு போடுகிறீர்கள் அம்மா?" என்று கேட்டார். "காபியோடுதான்" என்றேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் கையில் டபரா டம்ளர் இருக்கும். மாத்திரையை வாயில் போட்டுக் காபியால் விழுங்குவேன். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. காபி இந்த மருந்தைக் குடல் உறிஞ்ச விடாமல் தடுக்கும். நான் விழுங்கிய மாத்திரையில் ஒரு பகுதி உடம்பில் சேராமலே போயிருந்தது.

சரியான முறை இதுதான். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபி, டீ, பால், பலகாரம் எதுவும் கூடாது. நான் மாத்திரையையும் ஒரு செம்புத் தண்ணீரையும் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்கிறேன். விழித்ததும் போட்டுவிட்டு, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பூப் பறித்து, தோசைக்கு அரைத்ததை எடுத்து வைப்பதற்குள் மணி ஆறு ஆகிவிடும். முதல் வாரம் என் மாமியார், "காபி குடிக்காமல் கோலம் போட்டால் புள்ளி நேராக வருமா?" என்றார். வரவில்லைதான். இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.

இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, சிலவகை அசிடிட்டி மருந்துகள் ஆகியவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நம் பெண்களில் பாதிப் பேர் இரும்பும் கால்சியமும் சேர்த்தே சாப்பிடுகிறோம். அவற்றை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். காலையில் முடியவே முடியாது என்பவர்கள், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். எட்டரைக்குச் சாப்பிட்டுப் பத்துக்குப் படுக்கும் வீட்டில் அது ஒத்துவராது. மாத்திரை டப்பாவை அடுப்பு மேடையிலும் ஜன்னல் திட்டிலும் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் இந்த மருந்துக்கு ஆகாது. விரத நாளிலும் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். ஆகவே அளவை மாற்றிய பிறகு ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் மறுபரிசோதனை. பத்து நாளில் பார்ப்பது பணத்துக்குக் கேடு. காபியைத் தள்ளி வைத்த பிறகு, அளவைக் கூட்டாமலே என் எண் 2.9-க்கு வந்தது. அலுப்பு குறைந்தது. எடை? ஒன்றேகால் கிலோ இறங்கி நின்றுவிட்டது. தைராய்டின் பங்கு தீர்ந்தது; மீதி என் கணக்கு.

நான்காம் படி: ஏழு நாள் எதையும் மாற்றாமல் எழுதுவது

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வாய்க்குள் போவதையெல்லாம் எழுதுங்கள். குழந்தை மிச்சம் வைத்த அரை தோசை, உப்புப் பார்க்க வாயில் போட்ட உருளைக்கிழங்கு, பிரசாதப் பொங்கல் எல்லாம். குறைக்க வேண்டும் என்று அந்த வாரம் நினைக்கவே வேண்டாம். நினைத்தால் நோட்டு பொய் சொல்லும்.

என் நோட்டில் முதலில் மாட்டியது காபி. நாளுக்கு ஐந்து டம்ளர். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நூறு மில்லி கெட்டிப் பால். ஒரு டம்ளருக்கு நூறு கலோரிக்குக் குறையாது, ஐந்துக்கு ஐந்நூறு. சர்க்கரை மட்டும் ஐம்பது கிராம். நாட்டுச் சர்க்கரைக்கு மாறினால் கணக்கு மாறாது. நான் காபியை விடவில்லை, விடச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது. இரண்டு டம்ளர், ஒரு ஸ்பூன் சர்க்கரை என்று ஒப்பந்தம் செய்துகொண்டேன். அதிலேயே முந்நூறு கலோரி மிச்சம்.

அடுத்தது எண்ணெய். டின்னையோ பாக்கெட்டையோ உடைக்கும் தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். நாலு பேர் உள்ள எங்கள் வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் ஆகிக்கொண்டிருந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு நாற்பது மில்லி, அதாவது முந்நூற்றைம்பது கலோரி அளவு. மூன்று லிட்டருக்குக் கொண்டுவந்தோம். ருசி போய்விட்டதாக வீட்டில் யாரும் சொல்லவில்லை. அப்பளத்தைச் சுட்டது மட்டும்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

ஐந்தாம் படி: சோற்றோடு சமாதானம்

இங்கேதான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. சோற்றை விடு என்று தஞ்சாவூர்க்காரரிடம் சொல்வது, காவிரியைத் தாண்டிக் குடியிருக்கச் சொல்வது போலத்தான். ஆனால் நம் தட்டின் அளவு யாருக்காக வந்தது என்று யோசியுங்கள். என் அப்பா மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த நாளிலிருந்து வயலில் இருப்பார். நாற்றங்கால், நடவு, களை, அறுப்பு, களத்துமேடு என்று குறுவையும் தாளடியும் அவர் உடம்பில் ஓடின. இன்று நடவுக்கு இயந்திரம், அறுப்புக்கு இயந்திரம், வயலைப் பார்க்கப் போவதற்கு மோட்டார் சைக்கிள். வேலை போய்விட்டது, சாப்பாட்டு அளவு மட்டும் அப்படியே நிற்கிறது. கரும்பலகை முன் நிற்கும் நான், அண்டை வெட்டிய அப்பாவின் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன்.

அளக்க ஆழாக்கே போதும். ஓர் ஆழாக்கு அரிசி கிட்டத்தட்ட 140 கிராம், சுமார் 490 கலோரி. வெந்தால் நானூறு கிராம் சோறு ஆகும். மதியத்துக்கு மட்டும் அதுதான் என் பங்காக இருந்தது. அரை ஆழாக்காக்கினேன். வெறுமனே பாதியாகக் குறைத்தால் மூன்றாம் நாள் தோற்றுப் போவீர்கள். குறைத்த இடத்தை நிரப்ப வேண்டும். தட்டில் முதலில் பொரியலும் கூட்டும், அதன் மேல் சாம்பார், அதற்கப்புறம் சோறு. வாழைத்தண்டு, வாழைப்பூ, புடலை, சுரை, கீரை: காவிரிப் படுகையில் மலிவாகக் கிடைப்பதெல்லாம் இதற்கு உதவுகிறவைதான். கூட்டில் தேங்காய் அளவாக இருக்கட்டும்.

மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா போன்ற பாரம்பரிய அரிசிகளைத் தீட்டாமல் சாப்பிட்டால் நார்ச்சத்து கூடுதல், மெல்ல நேரமாகும், பசி தாங்கும். ஆனால் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. பாரம்பரியம் என்பதற்காக இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் பயனில்லை. பழைய சோறும் அப்படித்தான், நல்ல உணவு, ஆனால் அளவுக்குள்.

"ராத்திரியில் நான் சோறே தொடுவதில்லை, டிபன்தான்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. இட்லியும் தோசையும் இடியாப்பமும் எங்கிருந்து வந்தன? இட்லி மாவில் நாலு பங்குக்கு மூன்று பங்குக்கு மேல் அரிசி. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்யும் நம் ஊர்க் கடப்பாவோடு சாப்பிட்டால் ஐந்து இட்லி எங்கே போயிற்று என்றே தெரியாது. மூன்றை வைத்துக்கொண்டு கடப்பாவைக் கூட்டுங்கள். அதில் பாசிப்பருப்பாவது இருக்கிறது. உருளைக்கிழங்கைக் குறைத்துப் பருப்பைக் கூட்டிச் செய்தால் இன்னும் நல்லது. சப்பாத்திக்கு மாறினால் இளைக்கும் என்பதும் பாதிதான் உண்மை. எண்ணெய் விட்டுச் சுட்ட நாலு சப்பாத்தியும் குருமாவும் ஒரு தட்டுச் சோற்றை எளிதில் எட்டிவிடும்.

ஆறாம் படி: வயல் தரும் பயறைத் தட்டுக்குக் கொண்டுவருவது

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தால் உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறையும், அலுப்பு கூடும். அதைத் தடுக்கப் புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு, இருக்க வேண்டிய எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். என் நோட்டின்படி நான் முப்பத்தைந்தைத் தாண்டியதே இல்லை.

சம்பா அறுப்புக்குப் பின் தை, மாசியில் நம் வயல்களிலேயே உளுந்தும் பச்சைப்பயறும் விளைகின்றன. அதை மூட்டை கட்டி விற்றுவிட்டு வீட்டில் தண்ணீர்ச் சாம்பார் வைக்கிறோம். ஐம்பது கிராம் காய்ந்த பயறோ கொண்டைக்கடலையோ பத்து கிராம் புரதத்துக்கு மேல் தரும். சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் ஒரு கிண்ணம் சுண்டல் என்று நவராத்திரியை ஆண்டு முழுவதும் நடத்திக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் முன்பு உள்ளே போனது பக்கோடா. முட்டை ஒன்றில் ஆறு கிராம். மீன் சாப்பிடும் வீட்டில் குழம்பு மீனாகவே இருக்கட்டும். நாகப்பட்டினத்துக் கடல் மீனில் புரதத்தோடு அயோடினும் செலினியமும் உண்டு, இரண்டும் தைராய்டுக்கு வேண்டியவை.

தைராய்டுக்கு ஆகாது என்று முட்டைக்கோஸையும் காலிஃபிளவரையும் வீட்டை விட்டே துரத்தியவர்களுக்கு ஒரு வார்த்தை: சமைத்து, வழக்கமான அளவில், அயோடின் உப்போடு சாப்பிட்டால் பயமில்லை. கல் உப்பு வாங்கினாலும் அயோடின் கலந்ததா என்று பாக்கெட்டைப் பாருங்கள். அயோடின் நல்லது என்று கடற்பாசி மாத்திரை வாங்கி விழுங்குவதும் தவறு. அளவு மீறினால் தைராய்டை அதுவே மேலும் மந்தமாக்கும். கொத்துமல்லி விதை ஊறிய தண்ணீர் தைராய்டைக் குணமாக்கும் என்று கைபேசியில் சுற்றி வரும் செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். தண்ணீர் குடிப்பதால் நஷ்டமில்லை, அவ்வளவே.

ஏழாம் படி: உடம்பை அசைப்பது

வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். நம் ஊர் சமதரை, மேடு பள்ளம் கிடையாது, ஆகவே மூச்சு வாங்கக் கொஞ்சம் வேகம் கூட்டத்தான் வேண்டும். மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறேன். சித்திரை, வைகாசியில் ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

நடை மட்டும் போதாது. வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். திண்ணையிலோ நாற்காலியிலோ கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து முறை. சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து முறை. இரண்டு கையிலும் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது. மூன்று சுற்று. முழங்கால் வலிக்காரர்கள் உயரமான நாற்காலியில் தொடங்கலாம்.

எட்டாம் படி: தராசோடு பழகுவது

வாரம் ஒருமுறை, அதே கிழமை, காலையில், காலைக்கடன் முடித்தபின். தினமும் ஏறி நின்றால் மனம் கெடும். ஊறுகாயும் கருவாடும் சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ கூடிக் காட்டும், மாதவிடாய்க்கு முன்னும் அப்படியே, அது நீர். மாதம் ஒருமுறை இடுப்பையும் நாடாவால் அளந்து எழுதுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90-க்குள் என்பது இலக்கு.

காபி, எண்ணெய், சோறு மூன்றிலும் நான் குறைத்ததில் சுண்டலுக்கும் முட்டைக்கும் கூட்டியதைக் கழித்தால் நாளுக்கு ஏறத்தாழ 400 கலோரி மிச்சம். காகிதக் கணக்குப்படி மாதம் ஒன்றரைக் கிலோ இறங்க வேண்டும். இறங்கியது அரைக் கிலோ. ஏனென்றால் ஆடிப்பெருக்கின் சித்திரான்னங்கள் வந்தன, தீபாவளி வந்தது, திருவையாற்று அசோகா அல்வா வந்தது, தை முகூர்த்தங்கள் வந்தன. எடை குறையக் குறைய உடம்பும் சிக்கனத்தைக் கற்றுக்கொள்கிறது. மாத்திரை சரியானபின் 72.7-இல் இருந்த நான், ஓராண்டில் 67-க்கு வந்தேன். இன்னும் ஒல்லி இல்லை. ஆனால் மொத்த எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பயன் தெரியும். நான் ஒன்பதைத் தாண்டியிருக்கிறேன்.

மூன்று மாதம் இத்தனையும் செய்து தராசு அசையாவிட்டால் என்ன செய்வது? முதலில் மறுபடி ஒரு வாரம் நோட்டு எழுதுங்கள். அளவுகள் மெல்ல மெல்ல ஏறியிருக்கும், எனக்கு இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது. நோட்டு சுத்தமாக இருந்தால் மருத்துவரிடம் போய் வேறு காரணங்களைக் கேளுங்கள். ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு போன்ற மருந்துகள், குறட்டையும் மூச்சுத் தடையுமாகக் கெட்ட தூக்கம் ஆகிய எல்லாமே தைராய்டின் பெயரில் ஒளிந்துகொள்ளக் கூடியவை. கழுத்தில் வீக்கம் தென்பட்டாலோ, மாத்திரை தொடங்கியபின் நெஞ்சு படபடத்தாலோ, முகம் உப்பிக் குரல் கம்மினாலோ மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. நெஞ்சு வலி வந்தால் ஒரு நாள்கூடக் கூடாது.

எண் நிலைத்தபின் ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை டி.எஸ்.எச். பார்த்தால் போதும். எடை கணிசமாகக் குறைந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தின் அளவு மாற வேண்டியிருக்கலாம். பழைய தாள்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்து எடுத்துப் போங்கள். பெரிய மருத்துவமனையின் கூட்டத்தில் மருத்துவருக்கு உங்களைப் பார்க்கக் கிடைப்பது ஐந்து நிமிடம்தான்.